ஒரு மாத நெட் விரதம்

1

எங்கள் வீட்டில் கல்யாண நாள் மறந்துபோவது உண்டு. மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம் மறந்துபோவது உண்டு. ஆனால் வீட்டு இன்டர்நெட்டின் சலுகை விலை முடியும் நாளை என் கணவர் சுந்தர் மறந்ததாகச் சரித்திரமே இல்லை. காலண்டரில் அமாவாசையைக் குறிப்பது போல அதைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருப்பார். போன மாதம் அந்த நாள் வந்து போனது. இந்த வருடம் அது வந்து போன விதத்தைத்தான் எழுதப் போகிறேன்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு முதலில் ஒன்றை விளக்கிவிட வேண்டும். அமெரிக்கா என்றால் காற்றிலேயே இன்டர்நெட் கலந்து வரும் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்து விமானம் ஏறினேன். இங்கே நியூஜெர்சியில், பிளெய்ன்ஸ்பரோவில், நாங்கள் குடியிருக்கும் அபார்ட்மென்டுக்கு இணைப்புத் தருவது ஒரே ஒரு கம்பெனி. இரண்டாவது கம்பெனி உண்டு என்பார்கள். அதன் கம்பி சாலைக்கு அந்தப் பக்கத்தோடு நின்றுவிட்டது. முதல் வருடம் சலுகை விலை. சலுகை முடிந்த மறுமாதம் பில் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். அதற்கு மேல் மோடத்துக்கு மாத வாடகை, ஒலிபரப்புக் கட்டணம் என்று ஒரு வரி, அது எதற்கென்று கேட்டால் யாருக்கும் தெரியாத இன்னொரு வரி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சொன்னவர் இந்த பில்லைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

மோடத்தை நாமே வாங்கி வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். வாங்கினோம். அது எங்கள் வேகத்துக்கு ஒத்துவராத பழைய வகை என்று கம்பெனி சொன்னது. புதியது வாங்கினோம். அதற்குள் கம்பெனி வேகத்தை மாற்றிவிட்டது. இப்போது இரண்டு மோடங்களும் துணி அலமாரியின் மேல் தட்டில், கிறிஸ்துமஸ் விளக்குகளுக்குப் பக்கத்தில் ஓய்வெடுக்கின்றன. நாங்கள் வாடகை மோடத்துக்கே திரும்பிவிட்டோம்.

2

இந்த அநியாயத்துக்கு இங்குள்ள நம்மவர்கள் கண்டுபிடித்த மாற்று மருந்து ஒன்று உண்டு. ஒரு வருடம் இணைப்பு கணவர் பெயரில். சலுகை முடிந்ததும் அதை வெட்டிவிட்டு, மனைவி பெயரில் 'புதுக் கஸ்டமர்' ஆகச் சேர்வது. அடுத்த வருடம் மறுபடியும் கணவர். கம்பெனிக்கும் இது தெரியும். தெரிந்துதான் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்கள்: பழைய இணைப்பை வெட்டி ஒரு மாதம் ஆன பிறகே அதே முகவரியில் இன்னொருவர் புதுக் கஸ்டமர் ஆக முடியும். அந்த ஒரு மாதத்துக்கு எங்கள் வீட்டில் 'நெட் விரதம்' என்று பெயர்.

என் பெயரில் இணைப்பு எடுக்க முதலில் எனக்கு சோஷியல் செக்யூரிட்டி எண், நம் ஊர் ஆதார் மாதிரி ஒன்று, வேண்டியிருந்தது. நான் வந்தது கணவரின் விசாவோடு ஒட்டிக்கொண்டு வரும் எச்-4 விசாவில். அதில் வருபவருக்கு வேலை கிடையாது, வேலை இல்லாததால் அந்த எண்ணும் கிடையாது. பல வருடம் கழித்து எனக்கு வேலை செய்வதற்கான அனுமதி அட்டை வந்தது, அதைத் தொடர்ந்து எண்ணும் வந்தது. கவரைப் பிரித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சுந்தரும் கண் கலங்கினார்.

"கவி, இனிமே நம்ம வீட்ல ரெண்டு நியூ கஸ்டமர்!" என்றார்.

சென்னையில் வேலை பார்த்தபோது என் பெயரிலேயே ஒரு இணைப்பு வைத்திருந்தேன் என்பதை அப்போது நினைத்துக்கொண்டேன். வேளச்சேரியில் பெண்கள் விடுதி. முதல் சம்பளத்தில் வாங்கிய டேட்டா கார்டு, கட்டை விரல் நீளத்தில் ஒரு மோடம். போட்டோவின் மேல் பாதியும் தாளின் மேல் பாதியுமாகக் கையெழுத்துப் போட்டு வாங்கியது. ஜன்னல் கம்பியில் நூல் கட்டித் தொங்கவிட்டால்தான் சிக்னல் பிடிக்கும். மழை வந்தால் மூன்று பெண்கள் ஓடிப்போய் அதை உள்ளே இழுப்போம். கொள்ளை விலை, நத்தை வேகம். ஆனாலும் அதைக் கேன்சல் செய்ய வேண்டும் என்றால் என்னைத்தான் கேட்க வேண்டும்.

3

இதுவரை எங்கள் விரத மாதங்கள் பெரிய கஷ்டமில்லாமல்தான் கழிந்தன. மாடி வீட்டில் ஒரு தெலுங்குத் தம்பதி இருந்தார்கள். எங்கள் விரதத்தில் அவர்கள் பாஸ்வேர்ட் எங்களுக்கு, அவர்கள் விரதத்தில் எங்களுடையது அவர்களுக்கு. ஒப்பந்தம் எழுதவில்லை, கையெழுத்து இல்லை, ஒரு டப்பா புளிசாதத்தோடு முடிந்தது. போன கோடையில் அவர்கள் டெக்சஸில் வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது அங்கே ஒரு இளைஞர் இருக்கிறார். அவருடைய வை-ஃபையின் பெயரே 'டோன்ட் ஈவன் ஆஸ்க்'. கேட்கக்கூட வேண்டாமாம். நாங்கள் கேட்கவில்லை.

கைபேசியின் ஹாட்ஸ்பாட் இருக்கிறதே என்று சுந்தர் தைரியம் சொன்னார். எங்கள் கைபேசித் திட்டம் ஒரு 'ஃபேமிலி பிளான்'. அந்தக் கம்பெனியின் கணக்கில் எங்கள் குடும்பம் பெரியது. சுந்தர் கல்யாணத்துக்கு முன்னால் ஒரே அறையில் தங்கியிருந்த நண்பர்கள்தான் அந்தக் குடும்பம். ஒருவர் சான் ரமோனில், இன்னொருவர் டல்லாஸில். மூன்று பேருக்கும் வெவ்வேறு தாய்மொழி, வெவ்வேறு நாக்கு, ஒரே பில். ஹாட்ஸ்பாட்டுக்கு மாதத்துக்கு இவ்வளவுதான் என்று ஒரு எல்லை உண்டு. அதைத் தாண்டினால் இணைப்பு அறாது. ஆனால் வேகம் கழுதை தேய்ந்து கட்டெறும்பாகிவிடும். விரதத்தின் முதல் வாரத்திலேயே சுந்தர் வீட்டிலிருந்து ஆபீஸ் வேலை பார்த்தும், என் மகள் யாழினி வீட்டுப்பாடம் என்ற பெயரில் வீடியோ பார்த்தும் கழுதையைத் தேய்த்துவிட்டார்கள்.

யாழினிக்குப் பதினோரு வயது. தமிழில் சொன்னால் எல்லாம் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். திரையில் சக்கரம் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தவள் ஒரு நாள் சலித்துப்போய்க் கேட்டாள்.

"டாட், வொய் கான்ட் வி ஜஸ்ட் பே தி நார்மல் பிரைஸ், லைக் நார்மல் பீப்பிள்?"

சுந்தருக்கு நிஜமாகவே புரியவில்லை. "நார்மல் பீப்பிளா? யாரு கண்ணு அது?" என்றார்.

அந்த வார இறுதியில் கடைக்குப் போய் சிம் கார்டு போடும் மோடம் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். உள்ளங்கை அகலப் பெட்டி. பெட்டி விலை ஒரு பக்கம், மாதக் கட்டணம் இன்னொரு பக்கம். இரண்டு வருடம் கட்டுப்பட்டால் பெட்டி இலவசம். இரண்டு வருடம் கட்டுப்படுவதற்குள் எங்கள் வீட்டில் இரண்டு விரதம் வந்துவிடும். சுந்தரின் திட்டமே வேறு. வாங்குவது, விரதம் முடியும் வரை பயன்படுத்துவது, திருப்பிக் கொடுக்கும் கெடுவுக்குள் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவது. இதையும் இங்கே பலர் செய்வார்கள். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைக்காரப் பையன் சிரித்த முகத்தோடு 'ரீஸ்டாக்கிங் ஃபீ' என்று ஒரு வார்த்தை சொன்னான். திருப்பிக் கொடுத்தால் அதை மறுபடி அலமாரியில் அடுக்கி வைக்கும் கூலி நம் தலையில். சூடான வாணலியைத் தொட்டவர் போல அந்தப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

இத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்தவர் என் மாமனார். கோபிச்செட்டிபாளையத்திலிருந்து ஆறு மாதம் இருந்துவிட்டுப் போக வந்திருக்கிறார். மஞ்சள் வியாபாரம் பார்த்தவர். விட்டுவிட்டேன் என்று சொல்வாரே தவிர, தினமும் ஈரோட்டு மஞ்சள் விலை தெரியாமல் அவருக்குக் காபி இறங்காது. கிளம்புவதற்கு முன்பே ஊரில் செல்வராசு என்ற நண்பரின் ரீசார்ஜ் கடையில், வெளிநாட்டிலும் நெட் வரும் ரோமிங் பேக் ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். வீட்டில் மூன்று பேரும் சிக்னல் தேடி மூலைக்கு மூலை அலைய, அவர் மட்டும் சோபாவில் சாய்ந்து மஞ்சள் விலை கேட்டுக்கொண்டிருப்பார்.

"எங்கூர்ல பூ விக்கற பொம்பளை கூட நாள் பூரா வீடியோ பாக்குது. நீங்க என்னமோ அமெரிக்கான்னு சொல்லிட்டு, தண்ணி லாரிக்குக் குடத்தோட நிக்கற மாதர நிக்கறீங்க" என்பார். சுந்தர் காது கேட்காதவர் போல மோடத்தின் தூசியைத் துடைப்பார்.

4

இந்த நேரத்தில்தான் எனக்கு அந்த மெயில் வந்தது.

என் ரெஸ்யூமில் உள்ள இடைவெளிக்கும் என் மகளுக்கும் ஒரே வயது. சென்னையில் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருந்தேன். இங்கே வேலை அனுமதி வந்த பிறகு எத்தனை இடத்துக்கு அனுப்பினேன் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். பலர் பதிலே போடவில்லை. சிலர் இடைவெளியைப் பார்த்துவிட்டு, மரியாதையாக, அந்த மரியாதையே வலிக்கும்படி மறுத்தார்கள். ஒரு வருடமாக, யாழினி பள்ளிக்குப் போனதும் அடுப்படி மேஜையில் உட்கார்ந்து புதிதாக வந்திருக்கும் கருவிகளையெல்லாம் ஆன்லைனில் படித்தேன். ஒரு கம்பெனியில் முதல் இரண்டு சுற்று தாண்டினேன். மூன்றாவது, கடைசிச் சுற்று. வீட்டிலிருந்தே கேமரா முன்னால் எழுத வேண்டிய தேர்வு, அதைத் தொடர்ந்து பேச்சு. நாளை காலை ஒன்பது மணிக்கு என்று போட்டிருந்தது. கடைசிக்கு வந்திருப்பது இரண்டே பேர் என்று மேகன் சொல்லியிருந்தார். மேகன்தான் அந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கும் பொறுப்பில் இருப்பவர், குரலில் மட்டும் பழக்கம்.

இது போனால் இனி ஒருவர் என்னைக் கடைசி வரை கூப்பிடுவார் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. அப்படியொரு நாளுக்கு முந்தைய மாலை, எங்கள் வீட்டில் நெட் இல்லை.

சுந்தர் ரயிலில் இருந்து இறங்கி வந்ததும் சொன்னேன். அவர் முகத்தில் முதலில் சந்தோஷம், அதற்குப் பின்னாலேயே கணக்கு.

"சூப்பர் கவி! ஆனா இப்ப ரீகனெக்ட் பண்ணுனா நியூ கஸ்டமர் எலிஜிபிலிட்டி போயிரும். இன்னும் மூணு வாரந்தான்."

"உங்களுக்கு எலிஜிபிலிட்டி போயிரும்னு கவலை. எனக்கு இன்டர்வியூவே போயிருமுங்க!"

நான் கத்தியது இல்லை. அன்றைக்குக் கத்தினேன். மாமனார் மஞ்சள் விலையை நிறுத்திவிட்டார். சுந்தர் கம்பெனிக்கு போன் போட்டார். பியானோ இசை கேட்டார், எண்களை அமுக்கினார், மறுபடி பியானோ கேட்டார். கடைசியில் கிடைத்த பெண், ஆளை அனுப்பி இணைக்க வெள்ளிக்கிழமை ஆகும் என்றாள். அன்று செவ்வாய். வெட்டுவதற்கு மட்டும் ஒரு நிமிடம் போதுமாக இருந்தது.

நூலகத்துக்குப் போகலாம் என்றால் அது பத்து மணிக்குத்தான் திறக்கும். அங்குள்ள அறைக்குச் சுவரும் கண்ணாடி. கேமராவில் வேறு மனிதர் யாரும் தெரியக் கூடாது என்பது தேர்வின் விதி. சுந்தர் அவருடைய ஆபீஸ் கார்டை எடுத்துக்கொண்டு என்னை அங்கே கூட்டிப்போவதாகக் கூடச் சொன்னார். அது அவர் வேலைக்கே உலை வைக்கும்.

அப்போதுதான் மாமனார் தொண்டையைச் செருமினார்.

"அம்மிணி, என்ற போன்ல இருக்கற நெட்டு போதாதா? மஞ்சள் வெலைய ஒரு நாளு கேக்காட்டி ஒண்ணும் முழுகிப் போகாது."

சுந்தரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். இத்தனை நாள் கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறோம். அவர் போனிலிருந்து என் லேப்டாப்புக்கு இணைப்புக் கொடுத்துப் பார்த்தேன். பறந்தது. கேமரா சோதித்தேன், மைக் சோதித்தேன், வேகம் சோதித்தேன், போனைச் சார்ஜரோடு பிணைத்து ஜன்னல் ஓரம் வைத்து மறுபடியும் சோதித்தேன். சோதிப்பதுதானே என் தொழில்.

5

காலையில் யாழினியை பஸ் ஏற்றிவிட்டு, சுந்தரை பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயிலுக்கு இறக்கிவிட்டு வந்தேன். மேலே கோட்டு, கீழே வீட்டில் போடும் பூப்போட்ட பைஜாமா. கேமராவுக்குத் தெரிவது மேல் பாதிதானே. மாமனார் படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு, இருமல் வந்தால் கூடத் தலையணையில் இருமுவதாக வாக்குக் கொடுத்தார்.

தேர்வு நன்றாகவே போனது. அதை எழுதும்போதே எனக்குத் தெரிந்தது. விடுதி ஜன்னலில் டேட்டா கார்டு தொங்கிய நாளில் எனக்குள் இருந்தவள் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தது போல இருந்தது. மூன்றாவது கேள்வியில் பாதி எழுதியிருப்பேன், திரை சாம்பல் நிறமாகி நின்றது. ஒரு வரி மட்டும் வந்தது: நீங்கள் சொன்ன இடமும் நீங்கள் இருக்கும் இடமும் ஒத்துப்போகவில்லை, தேர்வு நிறுத்தப்படுகிறது.

எனக்குப் புரியவில்லை. என் போன் அடித்தது. மேகன்.

"கவிதா, எங்கள் சிஸ்டம் நீங்கள் இந்தியாவில் இருப்பதாகக் காட்டுகிறது. கோயமுத்தூர் என்று ஒரு ஊர். சரியா?"

அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. வெளிநாட்டில் ரோமிங்கில் இருக்கும் போனின் நெட், எங்கே இருந்தாலும் முதலில் சொந்த ஊருக்கு ஓடிப்போய் அங்கிருந்துதான் உலகத்துக்குள் நுழையும். பிளெய்ன்ஸ்பரோ அடுப்படி மேஜையில் நான் அடித்த ஒவ்வொரு எழுத்தும் கடல் தாண்டி ஊருக்குப் போய்த் தலையைக் காட்டிவிட்டு, பக்கத்து ஊரில் இருக்கும் இந்தக் கம்பெனிக்குத் திரும்பி வந்திருக்கிறது. எல்லாவற்றையும் சோதித்த டெஸ்டர் இதைச் சோதிக்கவில்லை.

"இல்லை மேகன், நான் நியூஜெர்சியில்தான் இருக்கிறேன். அது என் மாமனாரின் போன். அவர் இந்தியாவிலிருந்து வந்திருக்கிறார். இந்திய சிம்."

"உங்கள் வீட்டில் இன்டர்நெட் இல்லையா?"

"இருக்கிறது. அதாவது, இருந்தது. என் பெயரில் இருந்ததை வெட்டிவிட்டோம். இனி என் கணவர் பெயரில் வரும். அதற்கு ஒரு மாதம் காத்திருக்க வேண்டும்."

"ஏன்?"

"புதுக் கஸ்டமர் ஆவதற்கு."

பனைமரத்தடியில் நின்று பால் குடித்தவன் கதைதான். உண்மையைச் சொல்லச் சொல்ல அது எனக்கே பொய்யாகக் கேட்டது.

மேகன் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். "நான் சரியாகப் புரிந்துகொள்கிறேனா பார்ப்போம். நீங்கள் நியூஜெர்சியில் இருக்கிறீர்கள். நியூஜெர்சியில் இன்டர்நெட் விலை அதிகம் என்பதால், இந்தியாவிலிருந்து இன்டர்நெட் கொண்டுவந்திருக்கிறீர்கள்."

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது? இத்தனை வருடத்தில் எங்கள் வாழ்க்கையை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

அவர் சிரிக்கவில்லை. ஒருவருக்குப் பதிலாக வேறொரு நாட்டிலிருந்து இன்னொருவர் தேர்வு எழுதும் மோசடி அவர்களுக்குப் பலமுறை நடந்திருக்கிறதாம். இனி இது மேலிடத்தின் பரிசீலனைக்குப் போகும், சில வாரம் ஆகலாம், இதற்கிடையில் மற்ற ஆளோடு மேலே போவார்கள் என்றார். குரலில் அதே மரியாதை வந்துவிட்டது. அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும்.

"மேகன், உங்கள் ஆபீஸ் ரூட் ஒன் நெடுஞ்சாலையில்தானே? நான் நேரில் வருகிறேன்."

"எப்போது?"

"இப்போது. கோயமுத்தூரிலிருந்து வருபவளால் அரை மணி நேரத்தில் வர முடியாது, இல்லையா?"

6

மாமனார் கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றார். "என்னாச்சு அம்மிணி? நெட்டு தீந்துருச்சா?"

சொன்னேன். பாதி சொல்வதற்குள் எனக்கு அழுகை முட்டியது. அவருக்கு ரோமிங் புரியவில்லை, ஆனால் மருமகளைப் பொய் சொன்னவள் என்று யாரோ நினைக்கிறார்கள் என்பது மட்டும் தெளிவாகப் புரிந்தது. மஞ்சள் மண்டியில் எடையில் சந்தேகப்பட்டவனிடம் அவர் எப்படி நின்றிருப்பார் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"நட, நானும் வாரேன். போன் என்றது. சாட்சி நான் சொல்றேன்."

"மாமா, அங்க சாட்சியெல்லாம்..."

"நீ வண்டிய எடு."

வேஷ்டி, அதன் மேல் சுந்தரின் பழைய ஜெர்கின், கையில் போனும் சார்ஜரும். நான் அவசரத்தில் எதையும் மாற்றவில்லை. ரூட் ஒன்னில் முதல் சிக்னலில் நின்றபோதுதான் முழங்காலைப் பார்த்தேன். பூப்போட்ட பைஜாமா. திரும்ப நேரமில்லை.

ஆபீஸ் முன்கூடம் பளிங்குத் தரையோடு ஒரே அமைதியாக இருந்தது. வரவேற்பில் இருந்த பெண் எங்கள் இருவரையும் மேலிருந்து கீழ் வரை பார்த்தாள், மேகனுக்கு போன் போட்டாள். மேகன் இறங்கி வந்தார். உயரமான பெண்மணி, என் வயதுதான் இருக்கும். என்னை, என் கோட்டை, என் பைஜாமாவை, பக்கத்தில் நின்ற வேஷ்டியைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமனார் முன்னால் போய்விட்டார்.

"மேடம், திஸ் போன், மை போன். கோபி நெட். ஷி, மை டாட்டர் இன் லா. ஷி நோ சீட்டிங்." போனை அவர் முகத்துக்கு நேராக நீட்டினார். திரையில் செல்வராசு கடையிலிருந்து வந்த ரீசார்ஜ் குறுஞ்செய்தி.

மேகனுக்கு அதில் எதுவும் புரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் சிரித்துவிட்டார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அப்புறம் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "ஓகே கவிதா. நீங்கள் இங்கேதான் இருக்கிறீர்கள்" என்றார்.

"ஆமாம். இங்கேதான் இருக்கிறேன்" என்றேன். இந்த நாட்டுக்கு வந்து எத்தனையோ வருடம் ஆயிற்று. வீட்டு ஒப்பந்தம், வங்கி, வரி எல்லாவற்றிலும் நான் இன்னொருவர் பெயருக்குக் கீழே ஒரு வரி. நான் இங்கே இருக்கிறேன் என்று ஒருவர் ஒப்புக்கொள்வதற்கு நான் பைஜாமாவோடு வந்து நிற்க வேண்டியிருந்தது.

அவர்களுடைய அறையில், அவர்களுடைய கணினியில், தேர்வை முதலிலிருந்து எழுதினேன். பிறகு இரண்டு பேர் வந்து பேசினார்கள். ஒருவர் கடைசியில், இந்த ரோமிங் விஷயத்தை ஒரு டெஸ்டராக நீங்கள் எப்படிச் சோதித்திருப்பீர்கள் என்று கேட்டார். அதற்கு மட்டும் நான் கால் மணி நேரம் பேசினேன்.

7

வேலை கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைத்தது. நேற்றுத்தான் மெயில் வந்தது, அதனால்தான் இதை எழுதும் துணிச்சலும் வந்தது. பாதி நாள் வீட்டிலிருந்து, பாதி நாள் ஆபீஸிலிருந்து. மெயிலைச் சுந்தரிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தார், என்னைக் கட்டிக்கொண்டார், யாழினி பார்க்கிறாள் என்று கூட யோசிக்கவில்லை. அப்புறம் என் தோளில் முகத்தை வைத்தபடியே கேட்டார்.

"கவி, வொர்க் ஃப்ரம் ஹோமுக்கு இன்டர்நெட் பில்லை ரீஇம்பர்ஸ் பண்ணுவாங்களா?"

யாழினி, "ஓ மை காட், டாட்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அந்த அடி மட்டும் சுத்தத் தமிழ்.

ஆனால் எனக்கு வேலை கிடைத்தது எப்போது என்று கேட்டால், நான் அந்த மெயிலைச் சொல்ல மாட்டேன். தேர்வு முடிந்து, என்ன ஆகுமோ என்று நினைத்தபடி நான் லிஃப்டிலிருந்து வெளியே வந்தபோது, மாமனார் முன்கூடத்து சோபாவில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். வரவேற்புப் பெண் விருந்தினருக்கான வை-ஃபையைப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். ஊரில் அப்போது இரவு. செல்வராசு கடையை மூடும் நேரம். அவரையும் கடையில் இருந்த நாலைந்து பேரையும் வீடியோவில் பிடித்துவைத்துக்கொண்டு, போனைச் சுற்றிச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். பளிங்குத் தரை, கண்ணாடிக் கதவு, லிஃப்ட்.

"இதெல்லாம் எங்க மருமக ஆபீசு. உள்ளார இருக்குது, இப்ப வந்துரும். பெரிய பெரிய ஆளுகளோட பேசீட்டு இருக்குது" என்றார் சத்தமாக.

வேலை கிடைக்குமா என்று அந்த நிமிடம் எனக்கே தெரியாது. அவரைத் திருத்துவதற்காக இரண்டு அடி எடுத்து வைத்தேன். என்னைப் பார்த்துவிட்டார், போனை என் பக்கம் திருப்பினார். சின்னத் திரைக்குள் நாலைந்து முகங்கள் முண்டியடித்தன. யாரோ ஒருவர், "அம்மிணி, வேலையெல்லாம் எப்படிப் போகுது?" என்று கேட்டார்.

கோட்டின் பொத்தானைச் சரிசெய்துகொண்டு, பைஜாமா தெரியாத தூரத்துக்குப் போனுக்கு அருகில் போய் நின்று, "நல்லாப் போகுதுங்க" என்றேன்.